அம்மனுக்குக் காலைக் காட்டி வந்த மாமா

என் தாய்மாமன் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, அம்மனுக்குக் காலைக் காட்டியபடி ஊர்வலம் வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா அது. மாமா பறவைக் காவடி எடுத்திருந்தார். தோட்டத்து லாரியின் மேல் ஒரு மரத்தை நீட்டிக் கட்டி, அதன் நுனியில் ஆளைத் தொங்கவிடுவார்கள். முதுகிலும் தொடையிலும் கொக்கிகள் ஏறியிருக்கும். கொக்கிகளின் கயிறெல்லாம் மேலே ஒரு மரச்சட்டத்தில் சேரும். அந்தச் சட்டம் ஒற்றை வடத்தில் தொங்கும். ஆள் குப்புறப் படுத்த வாக்கில், தலை கோயில் பக்கமும் கால் பின்பக்கமுமாக ஆடி ஆடி வர வேண்டும். சட்டம் திரும்பிவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் இரண்டு பேர் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நடப்பார்கள். அன்றைக்குக் கோயிலுக்குக் கிட்டே வளைவில் லாரி திரும்பும்போது ஒரு கயிறு அறுந்துவிட்டது. மற்றக் கயிற்றைப் பிடித்திருந்தவர் பதறிப்போய் அதையும் விட்டுவிட்டார். மாமா மெதுவாகத் திரும்பத் தொடங்கினார். பாதிச் சுற்று சுற்றி நின்றபோது, அம்மன் சந்நிதிக்கு நேராக அவருடைய இரண்டு உள்ளங்கால்களும் இருந்தன.

"அய்யய்யோ, ஆத்தாளுக்குக் காலக் காட்டுறானே! புடிச்சுத் திருப்புங்கடா!" என்று கூட்டத்தில் ஒரு பெண் அலறினாள். யார் பிடிப்பது? அவர் எட்டாத உயரத்தில் தொங்கினார். காலை ஊன்ற மண் இல்லை, கையால் பற்ற ஒரு கிளை இல்லை. உடம்பை முறுக்கிப் பார்த்தார். முறுக்கிய அளவுக்குத் திரும்பிவிட்டு, முறுக்கை விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றார். கொக்கி இழுத்த இடங்களில் தோல் கூடாரம் மாதிரி எழும்பி நின்றது. அப்புறம் என்ன நினைத்தாரோ, கையில் இருந்த வேப்பிலைக் கொத்தைத் தனக்குக் கீழே வட்டமாகச் சுழற்ற ஆரம்பித்தார். அம்மி அரைப்பதுபோல் இல்லை, ஆட்டுக்கல் ஆட்டுவதுபோல், விடாமல், ஒரே பக்கமாக. கொத்து ஒரு பக்கம் சுற்ற, மாமாவின் உடம்பு மிக மெதுவாக மறுபக்கம் திரும்பியது. தலை கோயிலுக்கு நேரே வந்ததும் சுழற்றுவதை நிறுத்தினார். உடம்பும் நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். நான் கூட்டத்தில் நின்று, இடது கையைத் தாவணிக்குள் ஒளித்துக்கொண்டு அழுதேன். அவர் அந்தரத்தில் தொங்கியது அந்தக் கைக்காகத்தான்.

பிற்காலத்தில் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். செயற்கைக்கோள் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளிடம் முதலில் ஒன்றைச் சொல்வேன். கோள் பூமியைச் சுற்றி வருவது ஒரு காரியம். அது தன் முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றுகிறது என்பது இன்னொரு காரியம். முகம் தப்பான பக்கம் திரும்பிவிட்டால், படம் பிடிக்கும் கருவி இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். செய்தி அனுப்பும் கருவி யாருமில்லாத திக்கில் பேசிக்கொண்டிருக்கும். அங்கே காற்று இல்லை, தரை இல்லை. ஒரு சின்னத் தட்டு பட்டால் போதும், தடுக்க எதுவும் இல்லாததால் திரும்பிக்கொண்டே இருக்கும். இதற்குப் பல வழி கண்டுபிடித்தார்கள். முழுக் கோளையும் பம்பரம் மாதிரிச் சுழலவிட்டால் அச்சு சாயாது. நீளமான தண்டு ஒன்றை நீட்டி நுனியில் ஒரு எடையை வைத்தால், பூமியின் இழுப்பே அதைப் பூமிப் பக்கமாக நிமிர்த்தி வைக்கும். இன்னொரு வழி, கோளின் வயிற்றுக்குள் ஒரு சக்கரத்தை வைப்பது. சக்கரத்தை ஒரு பக்கம் சுழற்றினால் கோள் மறுபக்கம் திரும்பும்.

"டீச்சர், புடிச்சுக்க ஒண்ணுமே இல்லாம எப்பிடி டீச்சர் தானா திரும்பும்?" என்று எந்த வருஷமும் ஒரு பிள்ளை கேட்காமல் விட்டதில்லை. அப்போது மாமாவின் கதையைச் சொல்வேன், வேப்பிலைக் கொத்து வரைக்கும். வகுப்பே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர் எதற்காக அங்கே தொங்கினார் என்று மட்டும் சொல்ல மாட்டேன். கரும்பலகையைத் துடைக்கும்போது, அவருடைய வேதனையைப் பாடம் நடத்தவும் பயன்படுத்திக்கொண்டேனே என்று இருக்கும்.

காவடிக்கு முந்திய கதை இதுதான். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா செத்துப்போனார். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு அதே லயத்து வரிசை வீட்டில், அதே காம்பிரா அறையில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டார். அவருக்குக் கம்பியில் வேலை. மலையில் கொழுந்து நிறுக்கும் கொட்டிலிலிருந்து பள்ளத்தில் இருக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கு, நாங்கள் ஸ்டோர் என்போம், ஓர் இரும்புக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். கொழுந்து மூட்டையை உருளை வைத்த கொக்கியில் தொங்கவிட்டு, தடைக் கட்டையை உருவினால், மூட்டை சர்ரென்று வழுக்கிக்கொண்டு கீழே போய்ச் சேரும். மூட்டை போகும்போது கம்பி இரையும். அந்தக் கம்பியில் கையை வைத்தால் தோள்பட்டை வரை கூசும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு இல்லை. மாமாவுக்கு இது தெரியும். அதனால் கட்டையை உருவும் முன்னால் "கை!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். "எடுத்தாச்சு!" என்று நாங்கள் பதில் சொன்ன பிறகுதான் மூட்டை போகும். ஒரு நாளும் அவர் அதைத் தவறவிட்டதில்லை.

ரஷ்யாக்காரர்கள் முதல் செயற்கைக்கோளை விட்ட வருஷம் எனக்குப் பதின்மூன்று வயது. கொட்டகலைக் கடைவீதியில் பேப்பர் படிப்பவர்களிடம் கேட்டுவந்து, "ஆகாசத்துல கையால செஞ்ச நெலா ஒண்ணு சுத்துதாம் ஆத்தா" என்று மாமா என்னிடம் சொல்லிப் பூரித்துப்போவார். சாயங்காலமானால் வானத்தை அண்ணாந்து பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. எங்கள் பக்கம் வானம் தெரிவதே பெரிய காரியம். மூடுபனி விட்டால் மழை, மழை விட்டால் மூடுபனி. அன்றைக்குத் தப்பித்தவறி வெளுத்திருந்தது. அந்திக் கொழுந்தின் கடைசி மூட்டை மாட்டியாகிவிட்டது. அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் கொண்டுபோன நான் கொட்டிலில் நின்றேன். என் இடது கை கம்பியின் மேல் இருந்தது. அப்போதுதான் அது வந்தது. நட்சத்திரம் மாதிரி ஒரு வெளிச்சம், ஆனால் நகர்ந்தது. கொஞ்சம் மங்கியது, பிறகு பளிச்சிட்டது, திரும்ப மங்கியது. "அந்தா பாரு, கண்ணச் சிமிட்டிக்கிட்டு போவுது பாரு ஆத்தா!" என்று மாமா கத்தினார். நானும் பார்த்தேன். வாய் "அந்தா பாரு" என்றபோதே, அவருடைய கை பழக்கத்தில் கட்டையை உருவிவிட்டது. என் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உருளையோடு போய்விட்டன.

நாங்கள் பார்த்தது அந்தக் கோளைக்கூட அல்ல என்று பல வருஷம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். அதைக் கொண்டுபோய் விட்ட ராக்கெட்டின் காலி ஓடு. கோள் மிகச் சின்னது, வெறுங்கண்ணுக்குத் தெரிவது கஷ்டம். காலி ஓடு பெரியது. அதன் முகத்தைத் திருப்பி வைக்க எதுவும் இல்லாததால் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போனது. நீளப்பக்கம் வெயிலுக்கு நேரே வந்தால் பளிச்சென்று தெரியும், நுனிப்பக்கம் வந்தால் மங்கும். அதைத்தான் மாமா கண்சிமிட்டல் என்றார். 

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்த பிறகு மாமா வேறு ஆளாகிவிட்டார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் போய்ச் சொல்லிக் கம்பி வேலையை விட்டுவிட்டு, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் கழிக்கும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். என்னோடு நடந்தால் எப்போதும் என் வலப்பக்கமே நடப்பார். சோற்றுத் தட்டை நான் இடது கையால் பிடித்தால் அவர் கதவுப் பக்கம் பார்ப்பார். என் கையை அவர் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. "இந்தக் கையோட புள்ள கொழுந்து எடுக்க முடியாது, அதால படிக்கட்டும்" என்று ஒற்றைக் காலில் நின்று என்னை ஹட்டனுக்குப் படிக்க அனுப்பினார். கொட்டகலை ஸ்டேஷன் வரைக்கும் புத்தகப் பையை அவரே சுமந்துகொண்டு வருவார். நானும் சும்மா இருந்தேனா? ரிப்பன் கேட்டேன், செருப்பு கேட்டேன், குடை கேட்டேன். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளை கேட்காமல் இருக்குமா? எல்லாம் வாங்கித் தந்துவிட்டு, "நான் பாவி ஆத்தா" என்பார். நான் பெரிய மனுஷி மாதிரி, "ஒங்க மேல தப்பே இல்ல மாமா, நான்தான கைய வச்சேன்" என்பேன். அம்மா, "விதி தம்பி, விடு" என்பாள். லயத்தில் யாரைக் கேட்டாலும் அதே பேச்சுத்தான். இரக்கமில்லாமல் ஒரு சொல் அவரை யாரும் சொன்னதில்லை.

பெண் பார்க்கப் போகலாம் என்று அம்மா கூப்பிட்டபோதெல்லாம் மறுத்துவிட்டார். "புள்ளைக்கு ஒரு வழி பண்ணாம எனக்கு என்னாக்கா கல்யாணம்?" என்பார். முப்பது தாண்டியது. சொந்தக்காரர்களில் ஒருவர், "கையக் கெடுத்தவனே அக்கா மகளக் கட்டிக்கிட்டா முடிஞ்சு போச்சு" என்று வழி சொன்னார். தாய்மாமன் கட்டுவது எங்களில் வழக்கந்தான். ஆனால் மாமா அதைக் கேட்டுக் குலுங்கி அழுதுவிட்டார். நான் அவர் வாழ்க்கையில் ஒரு முட்டுக்கட்டையாக உட்கார்ந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எனக்குப் பதினாறு வயது. அந்த வருஷம்தான் அவர் காவடி நேர்ந்துகொண்டார்.

காவடி எடுத்தால் பாரம் இறங்கிவிடும் என்று அவர் நம்பினார், நானும் நம்பினேன். காயங்களுக்கு விபூதி வைத்து அம்மா விசிறிக்கொண்டிருந்தபோது, "நான் காலக் காட்டிட்டேன்னு ஆத்தாளே என்னயத் திருப்பிவிட்டுட்டா அக்கா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் இருந்திருக்கும். பிறகு ஒரு நாள் நான் இடது கையால் கதவைத் திறந்தேன். அவர் பழையபடி வேறு பக்கம் பார்த்தார்.

கோளுக்குள் இருக்கும் அந்தச் சக்கரத்துக்கு ஒரு குறை உண்டு. இதை நான் ஆசிரியர் பயிற்சியெல்லாம் முடித்து வெகுகாலம் கழித்து, வயது போன காலத்தில்தான் படித்தேன். வெயில்கூடக் கோளை மிக மிக லேசாக ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்குமாம். அந்தத் தள்ளலை எல்லாம் சக்கரம் வாங்கிக்கொள்ளும். வாங்க வாங்க அதன் வேகம் கூடும். கோள் வெளியே ஆடாமல் அசையாமல் நிற்கும். உள்ளே சக்கரம் பிய்த்துக்கொண்டு சுழலும். ஒரு கட்டத்துக்கு மேல் அதனால் வாங்கவே முடியாது. அதற்குப் பிறகு உள்ளே என்ன செய்தாலும் பலிக்காது. எதிர்ப்பக்கமாக வெளியிலிருந்து ஒரு தள்ளு கொடுத்தால்தான் சக்கரம் வேகம் குறையும். சின்னக் குழாயில் வாயுவைப் பீய்ச்சுவார்கள், அல்லது பூமியின் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளுவார்கள். இதைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்தேன். காவடி, படிப்புச் செலவு, ரிப்பன், கல்யாணத்தை மறுத்தது என்று மாமா தனக்குள்ளேயே சுழற்றிக்கொண்டிருந்தார். நாங்களோ தள்ள வேண்டிய இடத்தில் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

தோட்டத்து ஆட்களில் யார் இலங்கைக்கு, யார் இந்தியாவுக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டுப் பிரித்த காலம் அது. அம்மாவுக்கும் எனக்கும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது. மாமா இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். "நம்ம ஊரு தொறையூருப் பக்கம் இருக்குல்லக்கா, அங்க போய்ப் பாக்குறேன்" என்றார். அவர் அந்த ஊரைக் கண்ணால் கண்டதே இல்லை. என் கையிலிருந்து தூரப்போகத்தான் போகிறார் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அப்போதுதான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். புள்ளைக்கு வழி பண்ணியாகிவிட்டது, இனித் தனக்கு இங்கே என்ன வேலை என்ற எண்ணம் அவருக்கு.

தலைமன்னாருக்குப் போக, கொட்டகலை ஸ்டேஷனில் ஒரு தகரப் பெட்டியோடு நின்றார். காலைத் தூறல் விட்டிருந்தது. அம்மா அழுது ஓய்ந்து, கட்டுச்சோற்றைப் பெட்டி மேல் வைத்தாள். கைகாட்டி இறங்கியது. மாமா என் முகத்தைப் பார்த்து, எத்தனையோ தரம் கேட்டதையே திரும்பக் கேட்டார். "ஆத்தா, இந்தப் பாவிய மன்னிச்சிரு. என்னாலதான ஒனக்கு..."

வழக்கமான பதில் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. அது வரவில்லை. அவர் போகிறாரே என்ற ஆத்திரமா, அல்லது உள்ளே எங்கேயோ கிடந்த பழைய ஆத்திரமா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"ஆமா மாமா, ஒங்களாலதான்" என்றேன். "ஒங்க தப்புதான். எப்பவும் கைன்னு சத்தம் குடுக்கிற ஆளு அன்னைக்கு ஏன் குடுக்கல? வானத்தப் பாத்தீங்க, என்னயப் பாக்கல. இன்னைய வரைக்கும் பாக்கல. ரிப்பன் வாங்கிக் குடுத்தீங்க, காவடி எடுத்தீங்க, என் கைய ஒரு தடவையாச்சும் பாத்தீங்களா? எனக்குக் கோவம் இருக்கு மாமா. பதிமூணு வயசுல இருந்து இருக்கு."

"அடி பாவி, வாய மூடு!" என்று அம்மா என் தோளில் அறைந்தாள். "தூரதேசம் போறவன்கிட்ட பேசுற பேச்சா இது?" எங்களில் வழி அனுப்பும்போது தும்மக்கூட மாட்டார்கள். நான் சொன்னது அநியாயமும்கூட. அன்றைக்கு வானத்தைப் பார்த்தது அவர் மட்டுமில்லை. சொன்ன மறுகணமே வார்த்தைகளைத் திரும்ப விழுங்கிவிட மாட்டோமா என்று இருந்தது.

மாமா தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கட்டுச்சோறு சரிந்து விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. என் இடது கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் அந்த மொட்டைகளைத் தடவிப் பார்த்தார். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல் அது.

"ரொம்ப வலிச்சிச்சா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. எப்படிக் கேட்பார்? அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நான் அடைத்துவிடுவேனே.

"ரொம்ப வலிச்சிச்சு மாமா."

"இப்பவும் வலிக்குதா?"

"மழ பெய்ஞ்சா வலிக்கும். பனிக்காலத்துல விறைச்சுப்போவும்."

"ம்... வலிக்கத்தான செய்யும்" என்றார். அழுதார்தான், ஆனால் வழக்கமாக அழுவதுபோல் தலையில் அடித்துக்கொண்டு அழவில்லை. கையை விடவும் இல்லை. வண்டி வந்து நின்று, அம்மா அவசரப்படுத்திய பிறகுதான் எழுந்தார்.

அடுத்த வருஷமே அங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். பிள்ளைகளும் பிறந்தார்களாம். அம்மா சாகும்வரை, வழி அனுப்பும்போது நான் பேசிய பேச்சை மன்னிக்கவில்லை. எனக்கு அந்தப் பேச்சைப் பற்றி வருத்தமில்லை. அதற்கு முந்திய வருஷங்களைப் பற்றித்தான் குற்ற உணர்வு. தப்பே இல்லை, தப்பே இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அந்த மனிதர் முப்பது வயதைத் தாண்டினார், முதுகில் கொக்கி ஏற்றினார், பிறந்த மண்ணை விட்டுப் போனார். நான் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், முன்கூட்டிக் கோபப்பட்டிருக்கலாம்.

அன்றைக்கு வண்டி நகர்ந்தபோது அவர் ஜன்னலோரம் இருந்தார். நான் வழக்கம்போல் இடது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு வலது கையை ஆட்டினேன். அவர் தலையை அசைத்து, அது இல்லை என்பதுபோல் ஜாடை காட்டினார். நான் இடது கையை வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டினேன். வண்டி வளைவில் திரும்பி மறையும்வரைக்கும் அவர் அதையே பார்த்துக்கொண்டு போனார்.